கெர்ஷ்வினுக்கும் ஒத்திகை வேண்டும்

எங்கள் இசைக்குழுவின் நிகழ்ச்சித் தேர்வுக் குழுவினருக்கு,

அடுத்த பருவத்துக்கான பட்டியல் கைக்கு வந்தது. பிப்ரவரி மாதச் சந்தா கச்சேரிக்கு நான் கேட்டிருந்த, அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் நிகழ்ச்சி அதில் இல்லை. ஜூலை 4 அன்று பூங்காவில் பட்டாசு விடுவதற்கு முன்னால் நடக்கும் இலவசக் கச்சேரிக்கு அதை மாற்றிவிட்டீர்கள். ஒத்திகை ஒன்றே ஒன்றுதான். நான் கேட்ட 'கான்செர்ட்டோ இன் எஃப்' (தனிப் பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதியது) போய், அந்த இடத்தில் 'ராப்சடி இன் ப்ளூ' வந்திருக்கிறது. 'போர்கி அண்ட் பெஸ்' ஓபராவிலிருந்து கெர்ஷ்வினே தொகுத்த சூட்டை, அதாவது அரங்கில் வாசிப்பதற்கான இசைத் தொகுப்பை, எடுத்துவிட்டு, இன்னொருவர் தொகுத்ததைப் போட்டிருக்கிறீர்கள். 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' மட்டும் தப்பியது. அதற்குப் பக்கத்திலும், மூன்று சாக்ஸபோன்கள் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று ஒரு கேள்வி.

இதற்கு நீங்கள் கொடுத்திருக்கும் காரணம் இரண்டே வரி. எல்லோருக்கும் தெரிந்த இசையாம். நம் வாத்தியக்காரர்கள் பலமுறை வாசித்ததாம், அதனால் அதிக ஒத்திகை தேவைப்படாதாம். கூட்டத்தில் இதற்குப் பதில் சொல்ல முயன்றேன், நேரமில்லை என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். இது நம் ஒரு குழுவின் பழக்கம் மட்டுமில்லை என்பதாலும் பொதுவில் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தது என்கிறீர்களே, எது தெரிந்திருக்கிறது என்று பார்ப்போம். 'ராப்சடி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஏயோலியன் ஹாலில் பால் வைட்மேனின் இசைக்குழுவோடு கெர்ஷ்வின் அதை முதலில் வாசித்தார். எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதியவர் ஃபெர்டே க்ரோஃபே. அவர் எழுதியது ஒரு சிறிய ஜாஸ் குழுவுக்கு. கிளாரினெட், சாக்ஸபோன் வகை வாத்தியங்கள் எல்லாவற்றையும் மூன்றே பேர் மாற்றி மாற்றி எடுத்து வாசித்தார்கள். தொடக்கத்தில் கிளாரினெட் வழுக்கிக்கொண்டு மேலே ஏறுமே, அந்த ஜாரு கெர்ஷ்வின் எழுதியதே இல்லை. அவர் எழுதியது தனித்தனி ஸ்வரங்களாக ஓடும் ஒரு வரிசை. ஒத்திகையில் ராஸ் கார்மன் என்ற கிளாரினெட்காரர் விளையாட்டாக இழுத்துக் காட்ட, கெர்ஷ்வின் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார். உலகத்துக்கே தெரிந்த அந்தத் தொடக்கம் ஒத்திகையில் பிறந்தது என்பதை, ஒத்திகை தேவையில்லை என்று எழுதியவர்கள் கவனிக்க வேண்டும்.

நம் நூலகத்தில் இருப்பதும், உலகில் பெரும்பாலான சிம்பொனி குழுக்கள் வாசிப்பதும் 1942-இல் வெளிவந்த பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வடிவம். கெர்ஷ்வின் 1937-இல் இறந்துவிட்டார். அதாவது, நாம் "தெரிந்தது" என்று சொல்லும் அந்தத் தடித்த, வயலின் மழையாகப் பொழியும் ஒலியை அவர் காதால் கேட்டதில்லை. வைட்மேன் குழுவோடு அவரே பியானோ வாசித்த 1924 இசைத்தட்டு கிடைக்கிறது. இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக வெட்டிச் சுருக்கியதுதான். இருந்தாலும் ஒருமுறை கேளுங்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி வாசிக்கும் அந்த மெதுவான மெட்டுகூட அங்கே நடந்துகொண்டே இருக்கிறது, எங்கேயும் உட்கார்ந்து அழுவதில்லை. பியானோ வறட்சியாக, துல்லியமாக, கொஞ்சம் அவசரத்தோடு பேசுகிறது. நாம் வாசிப்பது வேறு ஏதோ ஒன்று.

இரண்டாவது ராப்சடிக்கும் இதே கதிதான். 1932 ஜனவரியில் பாஸ்டனில் செர்கே கூசெவிட்ஸ்கி நடத்த, கெர்ஷ்வின் பியானோவில் உட்கார, முதல் கச்சேரி நடந்தது. அதன் வாத்தியப் பங்கீடு முழுக்கக் கெர்ஷ்வின் கையால் எழுதியது. ஆனாலும் 1951-இல் பதிப்பாளர்கள் இன்னொருவரை வைத்து அதை மாற்றி எழுதினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் அந்த மாற்று வடிவம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய இன்னொரு படைப்பான 'ஐ காட் ரிதம்' வேரியேஷன்ஸுக்கும் 1953-இல் அதே நடந்தது. இப்படி வேறு எந்தப் பெரிய இசையமைப்பாளரின் படைப்பில் கை வைத்திருந்தாலும் நம் குழு கொந்தளித்திருக்கும். ப்ரூக்னர் சிம்பொனியில் எந்தப் பதிப்பு சரி என்று இதே அறையில் மணிக்கணக்கில் விவாதித்திருக்கிறோம். அந்த விவாதம் தேவையானதுதான். கெர்ஷ்வின் என்றால் மட்டும் அலமாரியில் எது இருக்கிறதோ அதை எடுத்துப் போடுகிறோம்.

கெர்ஷ்வினே திறந்தவெளியில் வாசித்தவர்தானே என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1932 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க் லூயிசோன் ஸ்டேடியத்தில் ஒரு மாலை முழுக்க அவருடைய இசைதான். கியூபாவுக்குப் போய் வந்த பிறகு எழுதிய 'ரும்பா' முதலில் ஒலித்தது அங்கேதான். ஆனால் அதே நவம்பரில் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் அதே படைப்பை, 'கியூபன் ஓவர்ச்சர்' என்று பெயர் மாற்றி, அவரே நடத்தினார். அந்த ஸ்கோரை, எல்லா வாத்தியங்களின் இசையும் எழுதிய ஏட்டை, திறந்து பாருங்கள். போங்கோ, மரக்கா, கிளாவே, குயிரோ என்ற தாள வாத்தியங்கள் நான்கும் மேடையின் பின்வரிசைக்குப் போகக் கூடாது, நடத்துநருக்கு நேர் முன்னால் இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டு, படமும் வரைந்து வைத்திருக்கிறார். எந்தச் சத்தம் எங்கிருந்து வர வேண்டும் என்பதுவரை யோசித்தவர் அவர். பூங்காக் கச்சேரி எனக்குப் பிடிக்கும். குழந்தைகள் முன்வரிசையில் புல்லில் உட்கார்ந்து கேட்பதைப் பார்ப்பது ஒரு சுகம். வருடம் முழுக்க அவருக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் ஒதுக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

இனி, நீங்கள் நீக்கிவிட்ட கான்செர்ட்டோ.

'ராப்சடி' வெற்றி பெற்றதும், இவருக்கு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதத் தெரியாது, க்ரோஃபேதான் எழுதிக் கொடுத்தார் என்று பேச்சு கிளம்பியது. அடுத்த வருடமே நியூயார்க் சிம்பொனியின் வால்டர் டாம்ரோஷ் அவரிடம் ஒரு பியானோ கான்செர்ட்டோ கேட்டார். கெர்ஷ்வின் இந்த முறை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தானே எழுதினார். எழுதி முடித்ததும் சொந்தப் பணத்தில் வாத்தியக்காரர்களை அமர்த்தி, ஒரு நாடகக் கொட்டகையில் முழுவதையும் வாசிக்க வைத்துக் கேட்டு, அதன் பிறகு திருத்தினார். 1925 டிசம்பர் 3 அன்று கார்னகி ஹாலில் அரங்கேற்றம். அப்போது அவருக்கு 27 வயது. தன் இசை ஒத்திகையில் சரியாக வர வேண்டும் என்பதற்காகத் தன் கைக்காசைச் செலவழித்தவருக்கு நாம் இரண்டாவது ஒத்திகையை மறுக்கிறோம்.

அந்தக் கான்செர்ட்டோவை முன்பு வேறொரு குழுவோடு நான் நடத்தியிருக்கிறேன். முதல் ஒத்திகையில் நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது புரியும்.

முதல் பகுதி டிம்பனி என்ற பெரிய முரசின் அடியோடு தொடங்குகிறது. உடனே சார்ல்ஸ்டன் நடனத்தின் தாளம் வந்துவிடும். எட்டு அரையடிகளில் முதலாவதிலும் நான்காவதிலும் அழுத்தம். கேட்க எளிது. தேர்ந்த வாத்தியக்காரர்கள் வாசித்தபோது ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் இடத்தில் இருந்தது, தாளம் மட்டும் செத்துக் கிடந்தது. நான்காவது அரையடியைத் தயங்கித் தயங்கி, அடுத்த அடிக்கு முன்னோட்டம் போல வாசித்தார்கள். கோலைக் கீழே வைத்துவிட்டு, 'தகிட தகதகிட' என்று கைதட்டிச் சொல்லச் சொன்னேன். மூன்று, ஐந்து. வயலின் வரிசைக்குச் சிரிப்பு, செல்லோ வரிசைக்குத் தயக்கம். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். அப்புறம் வாத்தியத்தை எடுத்து வாசித்தபோது ஐந்தின் தொடக்கம் ஒரு புது அடியாக நின்றது, தாளம் குதித்தது. அன்றைய ஒத்திகையில் பெரும்பகுதி இதற்கே போயிற்று. ஒரே ஒத்திகை என்றிருந்தால் அதோடு கச்சேரிதான்.

இரண்டாம் பகுதி இன்னும் நுட்பம். கிளாரினெட்கள் மூன்று கீழே மெதுவாக நகர, மேலே தனி ட்ரம்பெட் ஒரு ப்ளூஸ் மெட்டைப் பாடும். ட்ரம்பெட்டின் விரிந்த முனையை மணி என்போம், அதன் வாயில் ஃபெல்ட் துணி போட்டு மூடி வாசிக்க வேண்டும். அன்று ட்ரம்பெட்காரரிடம் இருந்தது மியூட் எனப்படும், ஒலியை அடக்கும் வழக்கமான உலோக அடைப்பு. அதைப் போட்டால் ஒலி கூர்மையாக, மூக்கால் பேசுவதுபோல் வருகிறது. குறைந்த சத்தம் வேண்டும், அவ்வளவுதானே என்று அவர் கேட்டதில் தவறில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய ஃபெல்ட் தொப்பியைப் பிடித்து வந்தோம். அதை மணியின் மேல் தொங்கவிட்டு முதல் நான்கு ஸ்வரம் வாசித்ததும் வியோலா வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் குறைந்ததால் இல்லை. ஒலியின் ஓரங்கள் கரைந்து, பக்கத்து வீட்டில் யாரோ பாடுவதுபோல் வந்தது. அந்த ஒலி கிடைத்ததும் கிளாரினெட்கள் மூன்றும் யாரும் சொல்லாமலே தங்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த ட்ரம்பெட்காரர் பிறகு அந்தப் பத்தியை மட்டும் தனியாக எடுத்து, மூச்சு எங்கே எடுப்பது என்று என்னோடு உட்கார்ந்து பேசினார். ஒலியின் நிறத்தைத் தெரிந்தவர் எழுதிய இசை இது. ஸ்கோரில் மெதுவாக என்று மட்டும் எழுதிவிட்டு நகர்கிறவர் இல்லை.

ஜாஸ் சாயல் உள்ள இசை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. நேர் எதிராகத்தான் என் அனுபவம். பிராம்ஸை நம் குழு முதல் வாசிப்பிலேயே எண்பது சதவீதம் பிடித்துவிடும், ஏனென்றால் பள்ளி நாள் முதல் கை பழகியிருக்கிறது. கெர்ஷ்வினில் எங்கே ஸ்வரங்களைச் சமமாக வைப்பது, எங்கே சற்றே சாய்ப்பது (ஒன்றை நீட்டி அடுத்ததைக் குறுக்குவது), எங்கே சாய்க்கவே கூடாது என்பதைக் குழு முழுவதும் ஒரே மனதாக முடிவு செய்தாக வேண்டும். வயலின்கள் சாய்த்து, மரக்காற்று வாத்தியங்கள் நேராக வாசித்தால் சேறும் சகதியுமாகத்தான் இருக்கும். பூங்காவில் ஒலிபெருக்கி அதை மறைத்துவிடும் என்பது ஆறுதல் ஆகாது.

'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' விஷயத்தில் சாக்ஸபோன் மூன்றும் அலங்காரம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. 1928 டிசம்பர் 13 அன்று கார்னகி ஹாலில் நியூயார்க் பில்ஹார்மோனிக் அதை முதலில் வாசித்தபோது மூன்று சாக்ஸபோன்களும் மேடையில் இருந்தன. ஊரை விட்டு வந்தவனின் ஏக்கம் தலைதூக்கும் இடத்தில் ஆர்க்கெஸ்ட்ராவின் நிறத்தையே மாற்றுவது அவைதாம். பாஸூன்களை வைத்து அடைத்தால் மெட்டு இருக்கும், மனிதன் இருக்கமாட்டான்.

டாக்ஸி ஹாரன்களையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸிலிருந்து கெர்ஷ்வினே வாங்கி வந்த நான்கு ஹாரன்கள். ஸ்கோரில் வட்டமிட்டு ஏ, பி, சி, டி என்று குறித்திருக்கிறார். பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்க அவற்றை ஸ்வரப் பெயர்களாக எடுத்துக்கொண்டு, அந்தந்தச் சுருதியில் ஹாரன் செய்து வாசித்தோம். நானும் அப்படி வாசித்த குழுக்களில் இருந்திருக்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கெர்ஷ்வின் படைப்புகளுக்குத் திருத்தமான பதிப்பு தயாரிக்கும் ஆய்வாளர்கள், அவை முதல் ஹாரன், இரண்டாம் ஹாரன் என்பதுபோல வெறும் அடையாள எழுத்துகள் என்கிறார்கள். கெர்ஷ்வின் உடனிருந்து பதிவான 1929 இசைத்தட்டில் கேட்பது ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், அதற்கு மேலே ஒரு டி, வெகு கீழே ஓர் ஏ. இந்த நான்கையும் ஊதிப் பார்த்தால் ஒன்றோடொன்று உரசுகிறது, தெரு நெரிசல் கேட்கிறது. பழைய நான்கும் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நின்று, ஒழுங்கான பள்ளிக்கூடப் பாடமாக ஒலிக்கின்றன. எனக்கு ஆய்வாளர்கள் வாதமே சரியாகப் படுகிறது. உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம், அதையும் பேசலாம். பேசவே நேரமில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

'போர்கி அண்ட் பெஸ்' தொகுப்புக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் மனம் நொந்தது அதில்தான். தென் கரோலினாவின் கடற்கரைத் தீவில் 1934 கோடையில் தங்கி, அங்குள்ள கல்லா என்ற கறுப்பினச் சமூகத்தினரின் தேவாலயப் பாடலையும் கூட்டுப் பிரார்த்தனையையும் கேட்டு, நெடுநாள் உழைத்து எழுதிய ஓபரா. பாஸ்டன் முன்னோட்டத்துக்குப் பிறகு நீளம் கருதி நிறைய வெட்ட வேண்டியிருந்தது. நியூயார்க்கில் 124 காட்சிகளோடு நின்றுபோனது. 1936-இல் கெர்ஷ்வின் அதிலிருந்து ஒரு சூட் தொகுத்து பிலடெல்பியாவில் வாசிக்க வைத்தார். கவனியுங்கள், பிரபலமான பாட்டுகளை மட்டும் கோத்துத் தரவில்லை. மேடையில் வெட்டுப்பட்ட ஜாஸ்போ பிரவுன் பியானோ இசையை மீண்டும் சேர்த்தார். கொலைக் காட்சியின் ஃபியூகை, ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பல குரல்கள் எடுத்துத் துரத்தும் அந்தப் பகுதியை, முழுதாக வைத்தார். புயலை வைத்தார். இந்த ஓபராவில் தான் எதைப் பெரிதாக நினைத்தார் என்பதற்கு அவர் விட்டுச்சென்ற வாக்குமூலம் அது. அவர் இறந்த பிறகு அலமாரியில் கிடந்து, 1958-இல் அண்ணன் ஐரா அதை வெளியே எடுத்து 'கேட்ஃபிஷ் ரோ' என்று பெயர் வைத்தார்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது ராபர்ட் ரசல் பென்னட் 1942-இல் நடத்துநர் ஃப்ரிட்ஸ் ரைனருக்காகத் தொகுத்தது. பென்னட் பெரிய கைகாரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஃபியூக் அதில் இல்லை. இசையமைப்பாளர் கைப்பட்ட தொகுப்பு இருக்கும்போது அடுத்தவர் தொகுப்பை எடுப்பதற்கு, இது மக்களுக்கு இதமாக இருக்கும் என்பதைத் தவிர உங்கள் குறிப்பில் வேறு காரணம் இல்லை. இதம் வேண்டும் என்று அவரே ஓபராவை எழுதவில்லையே.

கெர்ஷ்வின் இறந்தது 1937 ஜூலை 11, வயது 38. அந்த வருடம் பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் 'கான்செர்ட்டோ இன் எஃப்'பை வாசிக்கும்போது சில இடங்களில் கை தடுமாறியது. கருகிய ரப்பர் வாசனை வருகிறது என்றார், தலைவலி என்றார். மனக்கோளாறு என்று சொல்லி அனுப்பினார்கள். மூளையில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. பிராம்ஸ் அந்த வயதில் தன் முதல் சிம்பொனியை முடித்திருக்கவில்லை. 'ராப்சடி'யிலிருந்து சாவுவரை கெர்ஷ்வினுக்குக் கிடைத்தது 13 வருடம். அதற்குள், பேரும் பணமும் வந்த பிறகும், ஜோசப் ஷில்லிங்கரிடம் மாணவனாக உட்கார்ந்து இசை இலக்கணம் படித்தார். ஆர்னால்ட் ஷோன்பெர்கோடு டென்னிஸ் ஆடினார், அவரைப் படமாக வரைந்தார். இருபதாம் நூற்றாண்டு இசையின் மிகக் கடுமையான மனிதரான அந்த ஷோன்பெர்க், கெர்ஷ்வின் இறந்தபின் எழுதும்போது, சந்தேகமில்லாமல் ஒரு கலைஞர், புதிய இசைக் கருத்தைச் சொன்னவர் என்றுதான் எழுதினார். நாம் அவரைத் தொட்டுக்கொள்ள ஊறுகாயாக வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெர்ஷ்வின் கற்ற ஜாஸ் அவர் வீட்டில் விளைந்ததில்லை. ஹார்லெமின் கறுப்பினப் பியானோ மேதைகளிடம், குறிப்பாக ஜேம்ஸ் பி. ஜான்சன் போன்றவர்களிடம், கேட்டுக் கேட்டு வந்தது. ஜான்சனும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். கறுப்பின இசையமைப்பாளர் வில்லியம் கிரான்ட் ஸ்டில் எழுதிய 'ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி' 1931-இல் ராச்செஸ்டரில் அரங்கேறியது, ப்ளூஸை அடித்தளமாக வைத்தே முழு சிம்பொனியையும் கட்டியிருக்கிறார். பூங்காக் கச்சேரியில் இந்தக் கதையைச் சொல்ல இடமே இல்லை. அரங்கத்தில், ஒரே மாலையில், ஸ்டிலையும் கெர்ஷ்வினையும் அடுத்தடுத்துக் கேட்டால் ரசிகர்களுக்கே புரியும், யார் யாரிடம் என்ன வாங்கினார்கள், என்ன கொடுத்தார்கள் என்று.

ஆகவே நான் கேட்பது இவை. பிப்ரவரி சந்தா கச்சேரியை மீண்டும் கொடுங்கள். முதல் பாதியில் ஸ்டிலின் சிம்பொனி, இரண்டாம் பாதியில் 'கான்செர்ட்டோ இன் எஃப்', அதன் பின் 'கேட்ஃபிஷ் ரோ'. ஒத்திகை மூன்று வேண்டும், அதில் ஒன்று தாளத்துக்காகவே இருக்க வேண்டும். மற்ற இரண்டையும் பேசி முடிவு செய்யலாம், அந்த ஒன்றில் பேரம் வேண்டாம்.

ஜூலை 4 கச்சேரியை நான் மறுக்கவில்லை, நடத்துகிறேன். அதில் 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' இருந்தால் சாக்ஸபோன்காரர்கள் மூவரையும் அழையுங்கள், ஹாரன்களைப் புதிய சுருதியில் வாடகைக்கு எடுங்கள். செலவு கட்டாது என்றால் அந்தப் படைப்பையே எடுத்துவிட்டு வேறு ஏதாவது வாசிப்போம், அரைகுறையாக வேண்டாம். 'ராப்சடி' வாசிப்பதானால் 1924 ஜாஸ் குழு வடிவத்தை வரவழையுங்கள். அதற்குப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா தேவையில்லை என்பதால் அன்றைய சம்பளச் செலவும் குறையும்.

நூலகத்தில் உள்ள கெர்ஷ்வின் பார்ட்டுகள் (வாத்தியக்காரர்களுக்கான இசைத்தாள்கள்) ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு, யார் மாற்றியது என்று முதல் பக்கத்தில் குறித்து வைக்க நூலகருக்கு உத்தரவு கொடுங்கள். இதற்குப் பணமே தேவையில்லை.

பருவ அட்டவணை அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் கூட்டம் இன்னொரு முறை கூடுகிறது. அதில் இந்தக் கடிதத்தை எடுத்துப் பேசுங்கள், என்னையும் ட்ரம்பெட் பிரிவின் தலைவரையும் கூப்பிடுங்கள், முடிவை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இசைக்குழுவின் இணை நடத்துநர்